துரைக்கு ஒரு பெட்டி

மெராந்திப் பலகை, நாலடி நீளம், பக்கத்துக்கு எட்டு ஓட்டை. ஓட்டைகளின் விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, ஒவ்வொன்றிலும் சுண்டுவிரலை விட்டுச் சுழற்றிப் பார்க்கச் சொன்னார் என் வீட்டுக்காரர். எங்காவது சிராய் குத்துகிறதா என்று பார்க்கத்தான். அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி ஆறேழு மாதம் இருக்கும். ஈப்போவுக்குத் தெற்கே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் நான் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தேன், அவர் தோட்டத்துத் தச்சர். வெள்ளைக்கார மேனேஜரை நாங்கள் பெரிய துரை என்போம். அவர் சீமைக்கே திரும்பிப் போகிற நேரம், தன் நாயையும் கூடக் கொண்டுபோக ஒரு பெட்டி வேண்டும் என்றார். என் வீட்டுக்காரர் செய்தது அந்தப் பெட்டிதான்.

பெட்டி முடிந்த சாயங்காலம், நாய்க்கு முன்னால் அவரே அதற்குள் நுழைந்துவிட்டார். ஆள் ஒல்லி. முழங்காலை நெஞ்சோடு மடக்கி உட்கார்ந்துகொண்டு, "கதவச் சாத்து புள்ள" என்றார். சாத்தினேன். சத்தமே இல்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

"என்னாங்க, உசுரோட இருக்கீங்களா?"

"காத்து நல்லா வருதுலா. எங்கப்பா கப்பல்ல வந்தப்ப இவ்வளவு ஓட்டை இல்லையாம்."

மறுநாள் தோட்டத்து ஆபீஸ் கிராணி அந்த நாயின் காகிதங்களைக் கொண்டுவந்து காட்டினார். அதன் பெயர் ரெக்ஸ். படம் ஒட்டி, பெயர், நிறம், வயசு எல்லாம் எழுதி, முத்திரைக்கு மேல் முத்திரை குத்தியிருந்தது. என் வீட்டுக்காரர் அதே தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர். ஆனால் பிறந்ததற்குக் காகிதம் இல்லை என்று குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அட்டையைத்தான் கையில் கொடுத்திருந்தார்கள். குடிமக்களுக்கு நீல அட்டை. அவர் அந்த நாயின் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "ரெக்ஸுக்கு நீல ஐ.சி. கெடச்சிருச்சு புள்ள." சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவருக்கு நீல அட்டை வந்தபோது தலை முழுக்க நரைத்துவிட்டது.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் இதை எழுதுகிறேன், ஒரு பக்கத்துக்கு ஒரு நாள் ஆகிறது. அவசரம் ஒன்றும் இல்லை. பெரிய துரைக்குப் பெட்டி செய்தவரைப் பற்றி யாரும் எழுதப் போவதில்லை, நான்தான் எழுத வேண்டும்.

அதற்குப் பிறகு எத்தனையோ வருசம் அங்கேயே இருந்தோம். பிறகு தோட்டத்தை விற்றுவிட்டார்கள். லயத்தை இடிக்கப் போகிறோம், எல்லாரும் ஜெலாப்பாங் பக்கத்து அடுக்குமாடிக்குப் போங்கள் என்றார்கள். அங்கே நாய் வளர்க்கக் கூடாது என்பது சட்டம். எங்களிடம் கறுப்பி என்று ஒரு பெட்டை நாய் இருந்தது. வெள்ளிக்கிழமை எங்களோடு மரக்கறி, மற்ற நாளில் மீன் தலை. இருட்டோடு பால்மரம் வெட்டக் கிளம்பும்போதெல்லாம் எனக்கு முன்னால் போய்ப் பாம்பு இருக்கிறதா என்று பார்த்து வைக்கும். அதைத் தோட்டத்துக் காவல்காரரிடம் விட்டோம். லோரி கிளம்புகிற நேரம் என் வீட்டுக்காரர் இறங்கிப் போய் அதன் தலையைத் தடவி, "போயிட்டு வாரேன் கறுப்பி" என்றார்.

நம் ஆட்கள் யாரிடமும் போகிறேன் என்று சொல்ல மாட்டார்கள். அது அமங்கலம். திரும்பி வரவே போகாத இடத்திலும் போயிட்டு வாரேன் என்றுதான் வாயில் வரும். மனுசருக்கு அது வெறும் பேச்சு என்று தெரியும். நாய்க்கு எப்படித் தெரியும்?

இரண்டு வாரம் கழித்து மோட்டார் சைக்கிளில் போய்ப் பார்த்தோம். லயம் இல்லை. கல்லும் மண்ணுமாகக் கிடந்தது. எங்கள் வீட்டு வாசற்படி இருந்த இடம் எது என்று எங்களுக்கே தெரியவில்லை, கறுப்பிக்குத் தெரிந்திருந்தது. சரியாக அங்கேதான் படுத்திருந்தது. காவல்காரர் கூப்பிட்டும் போகவில்லையாம், சோறு வைத்தும் தொடவில்லையாம். நான் பிசைந்து கொடுத்தேன், தின்றது. அன்றைக்கும் விட்டுவிட்டுத்தான் வந்தோம். அடுத்த முறை போனபோது அது இல்லை. நாய் பிடிக்கிற லோரி வந்தது என்றார் காவல்காரர்.

ரொம்ப நாள் கழித்து, சோறு தின்றுகொண்டிருந்த என் வீட்டுக்காரர் கையை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "போறேன்னு சொல்லியிருக்கணும் புள்ள. வாரேன்னு சொன்னது நாந்தான்."

மகன் தலையெடுத்த பிறகு லகாட்டில் ஒரு சின்னத் தரைவீடு வாடகைக்குப் பிடித்தோம். குடிபோன முதல் வாரமே பழைய ஈயச் சுரங்கக் குட்டை ஓரத்திலிருந்து ஒரு செவலைக் குட்டியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்தார். ஒரு காது நின்றது, ஒரு காது மடங்கியது. "பேரு என்னாங்க?" என்றேன். "துரை" என்றார். வாழ்நாளெல்லாம் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு துரைமார் முன்னால் நின்றவர், நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "துரை, உக்காரு! துரை, கைய குடு!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி அதட்டுவார். அந்தச் சந்தோசத்தை ஆறு வருசம் அனுபவித்துவிட்டுத்தான் போனார்.

போன வருசம் நான் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். மகன் மெல்பர்னிலிருந்து போன் போட்டு, இனிமேல் தனியாக இருக்கக் கூடாது, இங்கே வந்துவிடுங்கள் என்று ஒற்றைக்காலில் நின்றான்.

"வாரேன். துரையும் வரும்" என்றேன்.

"அம்மா, அது தெரு நாயிம்மா. இங்க வாங்க, நல்ல நாயா ஒண்ணு வாங்கித் தாரேன்."

"அப்ப நீயும் அங்கயே நல்ல அம்மாவா ஒண்ணு வாங்கிக்க."

போனை வைத்துவிட்டேன். மூன்று நாள் அவனும் போன் போடவில்லை, நானும் போடவில்லை. நான்காம் நாள் அவனேதான் போட்டான். "சரிம்மா, என்னா செய்யணும்னு விசாரிக்கிறேன்" என்றான்.

செய்ய வேண்டியது கொஞ்ச நஞ்சமில்லை. தோலுக்குள் அரிசி மணி அளவில் ஒரு அடையாளச் சில்லு, வெறிநாய் ஊசி, ரத்தம் எடுத்து வெளியே அனுப்பிச் சோதனை, அதற்குப் பிறகு மாதக்கணக்கில் காத்திருப்பு. நீங்கள் முன்னால் வாருங்கள், நாய் பின்னால் வரட்டும் என்றான் மகன். முடியாது என்றேன். பக்கத்து வீட்டுக்காரி, "நான் பாத்துக்குறேன்க்கா, நீங்க நிம்மதியா போயிட்டு வாங்க" என்றாள். அவள் நல்லவள்தான். ஆனால் அந்தக் காவல்காரரும் நல்லவர்தான். அத்தனை மாதமும் கைத்தடியோடு தனியாகத்தான் இருந்தேன். குளியலறைக்குப் போனால் துரை வாசலில் படுத்துக்கொள்ளும்.

நாய்களை அனுப்புகிற ஏஜெண்ட் விண்ணப்பப் பாரத்தை விரித்து வைத்துக்கொண்டு, "என்னா சாதி நாயிம்மா?" என்று கேட்டார்.

"தோட்டத்துச் சாதி. எழுதுங்க."

"அப்படி ஒரு சாதி இதுல இல்லம்மா. கலப்புன்னு போடறேன்."

"எதுக்கு? நாங்க என்னா கலப்படமா செஞ்சோம்?"

அவர் சிரித்துக்கொண்டே என்னவோ எழுதினார். பிறகு பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். பிளாஸ்டிக் பெட்டி, இரும்புக் கம்பிக் கதவு. நான் கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, முழங்காலை ஊன்றி, தலையையும் தோளையும் உள்ளே விட்டேன். கதவை முடிந்தவரை சாத்தச் சொன்னேன்.

"அம்மா, என்னா பண்றீங்க?"

"காத்து வருதான்னு பாக்குறேன்."

"எல்லா ப்ளேன்காரனும் ஒத்துக்குற பெட்டிம்மா இது."

"ப்ளேன்காரன் உள்ள உக்காந்து பாத்தானா?"

காற்று வந்தது. ஆனால் என் வீட்டுக்காரர் போட்ட ஓட்டை மாதிரி இல்லை. சுண்டுவிரலை விட்டுப் பார்த்தேன், ஓரத்தில் கூர் நின்றது. உப்புத்தாள் வாங்கிவரச் சொல்லி அங்கேயே உட்கார்ந்து தேய்த்தேன். ஏஜெண்ட் கடிகாரத்தைப் பார்த்தார். பார்க்கட்டும்.

லகாட் வீட்டைப் பூட்டிக் கிளம்பிய அன்று, "போயிட்டு வாரேன்னு சொல்லுங்கக்கா" என்று பக்கத்து வீட்டுக்காரி அழுதாள். "வரப் போறது இல்லியே தங்கச்சி. எதுக்குப் பொய்?" என்றேன். வீட்டைப் பார்த்து, "போறேன்" என்று சத்தமாகச் சொன்னேன். அவள் பதறி என் வாயைப் பொத்தினாள். ஒன்றும் ஆகவில்லை. வானம் அப்படியேதான் இருந்தது.

ஏர்போர்ட்டில் பெட்டிக்குள் என் வீட்டுக்காரருடைய பழைய கைலியை விரித்துத் துரையை ஏற்றினேன். "நீ கீழ, நான் மேல, ஒரே ப்ளேன். எறங்குனதும் கொஞ்ச நாள் அடைச்சு வைப்பாங்க. நான் வந்து கூட்டிக்கிட்டுப் போவேன்" என்றேன். என் மாமனாரையும் கப்பலை விட்டு இறங்கியதும் பினாங்குக்குப் பக்கத்துத் தீவு ஒன்றில் நோய் இருக்கிறதா என்று பார்க்க அடைத்து வைத்துத்தான் விட்டார்களாம். எங்கள் குடும்பத்துக்கு அது புதிதில்லை.

சொன்ன நாளில் போய் நின்றேன். கூண்டைத் திறந்தபோது துரை ஓடி வரவில்லை. நடந்து வந்து, என் கையை முகர்ந்து, கைத்தடியை முகர்ந்து, ஏன் இவ்வளவு நேரம் என்கிற மாதிரி ஒருமுறை பார்த்தது. மகனுக்குக் கண் கலங்கியது. "அழுவாத, வண்டிய எடு" என்றேன்.

இப்போது அந்தப் பெட்டி மகனுடைய கார் நிறுத்தும் கொட்டகையில் இருக்கிறது. மருமகள் மெத்தையே வாங்கிப் போட்டாள், துரை அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பெட்டியில்தான் தூக்கம். இடத்தை அடைக்கிறது, தூக்கிப் போட்டுவிடலாமா என்று மகன் இரண்டு தடவை கேட்டான். தொடாதே என்றேன். மெராந்திப் பெட்டியில் வெள்ளைச் சாயத்தால் பெரிய துரையின் பெயரை எழுதினார்கள், செய்தவர் பெயர் அதில் எங்கும் இல்லை. இந்தப் பெட்டியில் ஒட்டிய தாளில் துரை என்ற பெயருக்குக் கீழே, சொந்தக்காரர் என்ற இடத்தில், என் பெயர் இருக்கிறது.

காலையில் தெருமுனைக் கடைக்குப் போகும்போது பெட்டிக்கு முன்னால் நின்று, "துரை, போயிட்டு வாரேன்" என்பேன். அது தலையைக்கூடத் தூக்காது. கைலியின் மேல் வாலை ஒருமுறை தட்டிவிட்டு, மறுபடியும் தூங்கிப் போகும்.