காப்புக் கட்டிய கை

அந்த டாக்டரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னித்துவிடும்படி எங்கள் சபைப் போதகர் இரண்டு முறை சொல்லிவிட்டார். "ஜெபத்துல வைக்கிறேன் ஐயா" என்று தலையாட்டிவிட்டு வந்தேன். ஜெபத்தில் வைத்துத்தான் இருக்கிறேன். என்ன கேட்டு என்பதுதான் அவருக்குத் தெரியாது.

விருதுநகரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், ஆஞ்சியோ செய்கிற அறையில் நான் பதினோரு வருடமாக நர்ஸ். அன்றைக்குப் படுத்திருந்தது எம். புதுப்பட்டிப் பக்கத்து அம்மா ஒருவர். பட்டாசுக் கம்பெனியில் திரி செருகுகிற வேலை. முந்தின நாள் வேலையில் இருக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரைத் தூக்கி வந்திருந்தார்கள்.

ஆஞ்சியோவுக்கான குழாயை மணிக்கட்டு வழியாகவும் விடலாம், தொடை வழியாகவும் விடலாம். மணிக்கட்டு என்றால் ரத்தம் கசிந்தாலும் கண்ணில் படும், அழுத்தினால் நின்றுவிடும். தொடையில் ஆபத்து கூடுதல். எந்த வழி, ஏன் அந்த வழி என்று நோயாளியிடம் சொல்லி, கேஸ் ஷீட்டிலும் டாக்டர் எழுத வேண்டும். நான் இரண்டு கையையும் சோதித்து, "சார், வலது கை நாடி நல்லா இருக்கு" என்றேன்.

"தொடைன்னா அஞ்சு நிமிஷம் சிஸ்டர். சிவகாசியில எனக்கு ஓ.பி. காத்துக்கிட்டு இருக்கு" என்றார். அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. முடித்தார், காரில் ஏறிப் போய்விட்டார். காரணம் எழுத வேண்டிய இடம் வெறுமையாகவே கிடந்தது.

குழாயை உருவியபின் தொடையை அழுத்திப் பிடித்தது நான். இருபத்தைந்து நிமிடம், கை மரத்துப்போகும்வரை. வெளியே ஒரு சொட்டு வரவில்லை. அரை மணி கழித்து, "இடுப்பு கடுக்குதும்மா, தாங்க முடியல" என்றார் அந்த அம்மா. முகம் வெளுத்துவிட்டது, பிரஷர் சரசரவென்று இறங்கியது. டாக்டர் குத்திய ஊசி, குத்தவேண்டிய இடத்துக்கு மேலே இறங்கியிருந்தது. ரத்தம் வயிற்றுக்குப் பின்பக்கம் உள்ளேயே சேர்ந்திருக்கிறது. அங்கே எவர் அழுத்தியும் பயனில்லை. மதுரைக்கு அனுப்பி, ஆபரேஷன் செய்து உயிரைக் காப்பாற்றினார்கள். ஆனால் வலது காலில் பலம் போய்விட்டது. தரையில் உட்கார்ந்து திரி செருக இனி முடியாது.

அவருடைய மகள் வந்து நியாயம் கேட்டாள். ஆஸ்பத்திரி விசாரணை வைத்தது. "சிஸ்டர் சரியா அழுத்தல" என்று அலுங்காமல் என் தலையில் கட்டிவிட்டார் டாக்டர். ஏன் வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று எனக்கு மெமோ வந்தது.

தலைமை நர்ஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மன்னிப்புன்னு ரெண்டு வரி எழுதிக் குடுத்திரு. அவரு போனா ஆஸ்பத்திரிக்கு நட்டம். நீ போனா நாளைக்கே ஒருத்தி வந்துருவா."

பதினோரு வருடம் உழைத்த இடத்தில், ஒரு பொம்பளையின் காலை முடக்கியவள் என்று பெயரெடுத்துக்கொண்டு நான் வெளியே போக வேண்டுமாம்!

மெமோவுக்குப் பதில் எழுத கேஸ் ஷீட்டின் நகலைக் கொடுத்தார்கள். வெறுமையாக இருந்த இடம் இப்போது நிரம்பியிருந்தது. நோயாளியின் வலது மணிக்கட்டில் கோயில் காப்பு இருந்தது, அதை அறுக்க அவர் மறுத்துவிட்டார், ஆகவே தொடை என்று இங்கிலீஷில் எழுதி, ஆஞ்சியோ செய்த நாளின் தேதியையே போட்டிருந்தார்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஊர் அம்மன் கோயில் பொங்கலுக்குத் தீச்சட்டி எடுப்பதாக நேர்ந்து அந்த அம்மா காப்புக் கட்டியிருந்தது உண்மைதான். ஆனால் இந்தச் சீமையில் காப்பு ஆம்பளைக்கு வலது கை, பொம்பளைக்கு இடது கை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிற எனக்கே தெரியும். எங்கிருந்தோ வந்த மகராசன், ரவுண்ட்ஸில் ஒரு மஞ்சள் கயிற்றைப் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான்.

அப்போதே யாரிடமாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் வேறு பொய் எழுதிவிடுவார். ஒன்பது நாள் கமுக்கமாக இருந்தேன். வராந்தாவில் எதிர்ப்படும்போது, "என்ன சிஸ்டர், லெட்டர் எழுதியாச்சா?" என்பார். "எழுதிக்கிட்டே இருக்கேன் சார்" என்பேன். அந்த ஒன்பது நாளும் நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன்.

விசாரணைக்கு உட்கார்ந்தவர் ஆஸ்பத்திரியை நடத்துகிற பெரிய டாக்டர். இந்த ஊரிலேயே பிறந்தவர். மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு அந்த அம்மா காலை இழுத்து இழுத்து வந்தார். நம் டாக்டர் கேஸ் ஷீட்டைக் கணீரென்று வாசித்தார்.

"காப்பு எந்தக் கையிலன்னு இன்னொரு தடவை படிங்க சார்" என்றேன்.

"வலது கை" என்றார்.

பெரிய டாக்டர் நிமிர்ந்தார். முந்தானைக்குள்ளிருந்து இடது கையை உருவி நீட்டினார் அந்த அம்மா. தீச்சட்டி எடுக்காததால் அவிழ்க்காமல் விட்டிருந்த காப்பு, சாயம் போய் அதிலேயே கிடந்தது.

"பொம்பளைக்கு வலது கையில காப்பு கட்டுவாகளா? எங்கன நடக்கும் இந்தக் கூத்து? இதை அறுக்கணும்னு எங்கிட்ட யாரு கேட்டா? தொடையில குத்தப்போறோம்னுகூட ஒருத்தரும் வாயைத் திறக்கலியே!"

டாக்டரின் முகத்தில் ஈயாடவில்லை. அந்தக் காட்சியை இன்றைக்கும் வேண்டும்போதெல்லாம் நினைத்துப் பார்த்துக்கொள்கிறேன்.

"மெமோவைத் திரும்ப வாங்கிக்கிறோம், நீங்க போகலாம்மா" என்றார் பெரிய டாக்டர். நான் எழுந்திருக்கவில்லை. "அது போதாது ஐயா. அவரு கையாலேயே திருத்தணும்" என்றேன். கேஸ் ஷீட்டில் தப்பை அழிக்கக் கூடாது. பழைய எழுத்து தெரிகிற மாதிரி ஒரே கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எங்களைத் திட்டித் திட்டிப் பழக்கிய சட்டம் அது. பெரிய டாக்டர் பேனாவை அவர் பக்கம் தள்ளினார்.

கோடு போட்டார். பிறகு என்னைப் பார்க்காமலே, "காரணம்னு என்ன எழுத?" என்றார்.

"நோயாளியைக் கேக்கவே இல்லைன்னு எழுதுங்க சார்."

எழுதினார். எனக்குப் பாவமாக இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு ஷீட்டை மூடப்போனவரை நிறுத்தி, "தேதி போடுங்க சார், இன்னைக்குத் தேதி" என்றேன்.