மூன்றாம் பிரிவில் நாங்கள் இருவர்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். சொல்லட்டும். ஜமுனாமரத்தூரில் இ-சேவை மையம் வைத்திருக்கிறேன். சாதிச் சான்றிதழுக்கும் பட்டாவுக்கும் வருகிறவர்களைப் பார்த்து நாள் முழுக்க “வரிசையில வாங்க, வரிசையில வாங்க” என்று கத்துகிறவளுக்குப் பொறுமை எங்கிருந்து வரும்? ஆனால் சென்னை விமான நிலையத்தில் அன்று காலை நான் பட்ட கோபம் மட்டும் இன்னும் உறுத்துகிறது. என் அக்கா மேல் பட்ட கோபம் அது.

அக்கா வேலூரைத் தாண்டிப் போனதில்லை. சாமை விதைப்பாள், புளி உலுக்குவாள், மாட்டோடு பேசுவாள். அவளுடைய ஒரே மகள் நர்சிங் படித்துவிட்டுப் புனேயில் ஓர் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போனாள். கூட வேலை பார்த்த அந்த ஊர்ப் பையனையே கல்யாணமும் செய்துகொண்டாள். ஒரு வார்த்தை முன்னால் சொல்லவில்லையே என்பதுதான் அக்காவுக்குக் கோபம். மூன்று வருஷம் பேசவில்லை. என் போனில் மகள் குரல் கேட்டால் எழுந்து மாட்டுக்கொட்டகைக்குப் போய்விடுவாள்.

போன வருஷம் ஒரு நாள் அந்தப் பெண் என்னைக் கூப்பிட்டு அழுதாள். “சித்தி, கொழந்த குறுக்கால இருக்குதாம். ஆபரேசன்தான்னு சொல்லிட்டாங்க. பயமா இருக்குது சித்தி. அம்மா வந்து பக்கத்துல நின்னா போதும்.” வேண்டுமென்றேதான் ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்த அக்கா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, “எப்பன்னு கேளுடி” என்றாள்.

இன்னும் பத்து நாள் இருக்கிறது என்று நினைத்திருந்தோம். டாக்டர் தேதியை முன்னால் கொண்டுவந்துவிட்டார். நாளைக்குப் பகல் பன்னிரண்டு மணி என்று போன் வந்தபோது அக்கா களத்தில் இருந்தாள். அப்படியே கிளம்பினோம். பழைய பருத்திப் புடவையைத் துண்டு துண்டாகக் கிழித்து, குழந்தைக்கென்று துவைத்து வைத்திருந்தாள். அந்தப் பையை மட்டும் எடுத்துக்கொண்டாள். காலை விமானத்தில் இடம் கிடைத்தது. பத்தரைக்குப் புனே, பதினொன்றரைக்கு ஆஸ்பத்திரி என்று நான் கணக்குப் போட்டேன்.

விமானம் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்று அறிவித்தார்கள். அக்கா பையை மடியில் வைத்துக்கொண்டு, “உள்ள கொண்டும்போறதுக்கு முன்ன அவ கைய நான் புடிச்சாவணும்டி” என்றாள்.

ஒருவழியாகக் கூப்பிட ஆரம்பித்தார்கள். கூடுதலாகப் பணம் கட்டிய முன்னுரிமைப் பயணிகள் முதலில். அப்புறம் முதல் பிரிவு, இரண்டாம் பிரிவு. எங்களுடையது மூன்று. கூப்பிடாதவர்களும் எழுந்து நின்றுகொண்டு, பெட்டியை முன்னால் உள்ளவர் குதிகாலில் இடித்துக்கொண்டிருந்தார்கள். படித்தவர்கள்தான் எல்லோரும்!

எங்கள் மலை பஸ்ஸில் ஒரு வழக்கம் உண்டு. சந்தை நாளில் மூட்டை முடிச்சோடு கூட்டம் நெரியும். அதனால் பஸ் வருவதற்கு முன்பே எங்கே இறங்கணும் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வோம். கடைசி ஊர்க்காரர்கள் முதலில் ஏறி உள்ளே போய்விடுவார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் வாசலோடு நிற்பார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் இருந்தால் அவர் எல்லோருக்கும் முன்னால். வாய்விட்டுச் சொன்னால் போதும், உட்கார்ந்திருப்பவரும் எழுந்துவிடுவார்.

அக்கா அதைத்தான் செய்தாள். நான் டிக்கெட்டை எடுக்கக் குனிந்த நேரத்தில் வரிசையின் தலைக்கே போய், ஒவ்வொருவராக விசாரித்துக்கொண்டு வந்தாள். “தம்பி, நீ எங்க எறங்கணும்? நீங்க எங்கம்மா?” பலருக்கு அவள் பாஷை புரியவில்லை. லேப்டாப் பை மாட்டியிருந்த ஒரு தமிழ்ப் பையன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “எல்லாருமே புனேதாங்க” என்றான்.

அக்கா என்னிடம் திரும்பி வந்தாள். “அல்லாரும் ஒரே எடத்துலதான் எறங்குறாங்களாம். அப்பறம் இன்னாத்துக்குடி இத்தினி பிரிவு?”

நான் யோசிப்பதற்குள் அவள் மறுபடி முன்னால் போய்விட்டாள். வாசலில் நின்ற பெண்ணிடம் உரக்கச் சொன்னாள்: “எம் பொண்ணுக்கு இன்னிக்கு ஆபரேசன். நான் முன்ன போவணும். கொஞ்சம் வழி வுடுங்க சாமி.”

“உங்க பிரிவு வரும்போது கூப்பிடுவோம்மா,” என்றாள் அந்தப் பெண். அவளும் என்னதான் செய்வாள்? வரிசையில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். நாலைந்து பேர் என்னையும் சேர்த்துத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு மானம் போய்விட்டது. அக்காவின் கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

“கம்முனு நில்லு! முன்ன ஏறினா பிளேன் முன்ன போயிடுமா? மூணு வருசம் போவாம இருந்துட்டு இப்ப பத்து நிமிசத்துக்குப் பறக்குறியா?”

சொன்ன வாயைத் தைக்கலாம் போலிருந்தது. அக்கா பையை மார்போடு பிடித்துக்கொண்டு எனக்குப் பின்னால் போய் நின்றாள். விமானத்தில் ஜன்னலோரம் அவளுக்குத்தான். ஒரு தடவைகூட வெளியே பார்க்கவில்லை. பாதி வழியில், “நீ சொன்னது நெசந்தான்டி” என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

இறங்கியபோது மணி பன்னிரண்டுக்குப் பத்து. பெல்ட் விளக்கு அணைந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து நடைபாதையை அடைத்துக்கொண்டார்கள். நாங்கள் இருபத்தாறாவது வரிசை. அக்கா மகளுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. மறுபடியும் போட்டேன். அக்கா உட்கார்ந்தே இருந்தாள். யாரிடமும் வழி கேட்கவில்லை. அவள் வாயை அடைத்தவளே நான்தானே.

நான் எழுந்து நின்றேன். எனக்குத் தெரிந்த இந்தி பத்து வார்த்தை. அதையெல்லாம் திரட்டி, சான்றிதழுக்கு வந்தவர்களைப் பார்த்துக் கத்துகிற அதே குரலில் கத்தினேன். “இவங்க பேட்டி! ஆஸ்பத்திரி! ஆபரேஷன், பாரா பஜே! ப்ளீஸ்!” இவங்க மகளுக்குப் பன்னிரண்டு மணிக்கு ஆபரேஷன் என்று சொன்னதாக நினைப்பு.

அப்புறம் எங்களுக்கு முன்னால் நின்ற தடித்த மனிதர் வயிற்றை எக்கிக்கொண்டு இருக்கைக்குள் ஒதுங்கினார். “ஜாவோ, மாஜி,” போங்கம்மா என்றார். லேப்டாப் பையன் ஆங்கிலத்தில் விளக்கிச் சொல்ல, அவருக்கு முன்னால் இருந்தவர் உட்கார்ந்தார். அதற்கும் முன்னால் இருந்தவர்கள் பெட்டியைத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டார்கள். முன்னுரிமை வரிசைக்காரர்களும் நின்று வழி விட்டார்கள். அக்கா ஒவ்வொருவருக்கும் கும்பிடு போட்டுக்கொண்டே போனாள். “போதும், நட!” என்று அதற்கும் நான் கத்தினேன்.

டாக்சி கிடைத்து, நெரிசலில் ஊர்ந்து, ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றாகப் போகிறது. “உள்ள கொண்டும் போயிருப்பாங்க,” என்றாள் அக்கா. லிஃப்டில் நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

மூன்றாம் மாடியில் ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே, பச்சை அங்கியோடு சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள் எங்கள் பெண். பக்கத்தில் அவள் புருஷன். போனை வார்டிலேயே வாங்கி வைத்துவிட்டார்களாம்.

“ரெண்டு பேர எனக்கு முன்ன அனுப்பிட்டேன்மா,” என்றாள். “இங்க வேலை பாக்கறதால டாக்டரு ஒத்துக்கிட்டாரு. இன்னும் கால் மணி நேரம்தான் குடுத்திருக்காரு. ஒரே வேண்டுதலா ஒக்காந்திருந்தேன்.”

அக்கா அவள் கன்னத்தைத் தொட்டாள். உதடு வறண்டு வெடித்திருந்தது. “ராத்திரியிலேர்ந்து பச்சத்தண்ணி குடிக்காம, எனக்கோசரமாடி ஒக்காந்திருந்த?” என்று கேட்டாள். மூன்று வருஷத்துக்கு அப்புறம் அவள் மகளிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். பெண் அம்மா கையை எடுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள்.

நாற்காலியைத் தள்ள ஆள் வந்தார். கதவுவரைக்கும் அக்கா கையை விடவில்லை. அதற்குமேல் போகக் கூடாது என்று ஒரு நர்ஸ் சைகை காட்டினாள். அக்கா குனிந்து மகளிடம் சொன்னாள்:

“தைரியமா போய்ட்டு வா. நான் இங்கியேதான் நிப்பேன். இனிமே எங்கயும் எழுந்திரிச்சிப் போவ மாட்டேன்.”