கண்ணாடிக்கு வெளியே ஒரு நாற்காலி

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு, வேலம்பாளையத்தில் பெருமாளைக் கும்பிட்டுவிட்டு வேனில் ஏறினோம். நானும் என் வீட்டுக்காரி சரசுவும். வேனை ஓட்டியவர் செல்வராஜ்; அலுமினிய ஜன்னல் வேலை செய்கிறவர். எங்கள் தெருப் பஜனை மடத்துக்குப் புது ஜன்னல் போட அவரைத்தான் கேட்டிருக்கிறோம். கொமரலிங்கத்தில் அவர் புதுப்பித்த பழைய மடத்தைப் பார்த்து, நான் சரியென்றால் வேலை ஆரம்பம்.

எங்கள் மடம் என் தாத்தா காலத்துக்கும் முந்தியது. மர ஜன்னல்களைக் கரையான் தின்றுவிட்டது. பக்கத்துப் பனியன் கம்பெனிப் பஞ்சு பறந்து வந்து பெருமாள் படத்தில் அப்பிக்கொள்கிறது. கண்ணாடி போடாமல் தீராது. ஆனால் சரசுவுக்கு முழங்கால் மடங்காது; மடத்துப் படி ஏற முடியாது. சனிக்கிழமை தோறும் தெருவில் ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்காருவாள். தீபாராதனைத் தட்டு ஜன்னலுக்கு வரும். கம்பிக்குள் கைவிட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். அவளுக்கு அந்த ஜன்னல்தான் கோயில்.

பல்லடம் தாண்டி டீ குடித்தோம். ஒரு டீ பதினைந்து ரூபாய். "அக்காவ வாராவாரம் நாங்களே தூக்கி உள்ள உட்கார வச்சர்றோமுங்க" என்றார் செல்வராஜ்.

"ஏங்கண்ணு, நானென்ன உற்சவ மூர்த்தியா?" என்றாள் சரசு.

உடுமலைப்பேட்டை வழியாகப் போய் ஒன்பதரைக்குக் கொமரலிங்கம் சேர்ந்தோம். அமராவதித் தண்ணீரில் வயல்கள் பச்சையாகக் கிடந்தன. மடத்தைப் பார்த்ததும் அசந்து போனேன். பழைய கல் நிலையை உடைக்காமல், அதற்குள் மெல்லிய உலோகச் சட்டம் பொருத்தி, முழுக் கண்ணாடி போட்டிருந்தார். உள்ளே தரை வரை வெயில் விழுந்தது. விரலால் தடவிப் பார்த்தேன், தூசியே இல்லை. இவ்வளவு பழைய கட்டடத்துக்கு இத்தனை வெளிச்சம் வருமென்று நான் நினைக்கவேயில்லை.

சரசு வெளியே நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்த மடத்துப் பூசாரியிடம் விவரம் சொன்னோம். அவர் தட்டை ஜன்னலருகே கொண்டுவந்தார். அவள் பழக்கத்தில் கையை நீட்டினாள். விரல் கண்ணாடியில் முட்டியது.

வெளியே போய், "எப்படீம்மா இருக்குது?" என்றேன்.

"சாமி நல்லாத் தெரியுதுங்க மாமா. சூடுதான் வரலீங்க."

செல்வராஜ் தலையைச் சொறிந்தார். "தெறக்கற மாதிரி வச்சா பஞ்சு உள்ள வந்துருமுங்கண்ணா."

"நாள் முச்சூடுமா தெறக்கப் போறோம்? தீபாராதனைக்கு மட்டும்" என்றேன். "ஒரே ஜன்னல்ல, கீழ, இவ கை நுழையற அளவுக்கு ஒரு கதவு போதுமுங்க."

திரும்பும் வழியெல்லாம் செல்வராஜ் யோசனையாகவே வண்டி ஓட்டினார்.

மாலை ஆறு மணி. எங்கள் மடத்தில் பஜனை தொடங்கிவிட்டது. கொமரலிங்கத்து மடம் எங்களுடையதைவிட அழகுதான், ஒத்துக்கொள்கிறேன். இங்கே பஞ்சு பறந்துகொண்டிருந்தது. சரசு தன் இடத்தில் உட்கார்ந்து, வந்த தட்டுக்குக் கையை நீட்டினாள்.

"அக்கா, கைய அப்படியே வச்சிருங்க" என்றார் செல்வராஜ். சாக்பீஸை எடுத்து, அவள் முழங்கைக்குக் கீழே, கரையான் தின்ற மரத்தில் ஒரு கோடு போட்டார்.