தவறணைப் போத்தலில் காய்ச்சல் மருந்து

1. சிரட்டை

வெள்ளைக்காரர் ஆட்சி முடியப்போகும் காலம். கொட்டாஞ்சேனையில் எங்கள் நிவாரணச் சங்கக் கிளை தொடங்கியபோது கமிட்டிக்கு ஆள் நிறைய இருந்தது. மருந்து கலக்க நான் ஒருவன்தான். டிஸ்பென்சர் என்பதால் பிடித்துப் போட்டார்கள். குருநாகல் பக்கத்துக் கிராமங்களில் மலேரியாக் காய்ச்சல் வீட்டுக்கு வீடு ஆளைச் சாய்த்துக்கொண்டிருந்தது. எங்கள் முதல் பயணமே அங்கேதான்.

பீப்பாயில் கொயினா மிக்ஸ்சர் கொண்டுபோனோம். கொழும்பில் நோயாளி தன் போத்தலோடு டிஸ்பென்சரிக்கு வருவான். நாங்கள் ஊற்றிக் கொடுப்போம். அந்தப் பழக்கத்தில், கிராமத்தில் போத்தலுக்கு எங்கே போவார்கள் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. படித்த முட்டாள்கள்! சனங்கள் தேங்காய்ச் சிரட்டையோடு வந்து நின்றார்கள். சிரட்டையில் ஊற்றினோம்.

மாலையில் சோமாவதி என்ற பெண் அழுதுகொண்டு திரும்பி ஓடிவந்தாள். வயல் வரம்பில் வழுக்கி விழுந்து, மகனுக்கான மருந்து முழுவதும் கொட்டிவிட்டதாம். பீப்பாயின் அடியில் கிடந்ததை வழித்து, அவள் வீட்டுக்குப் போய் ஒரு வேளைக்கு மட்டும் கொடுத்தேன். பையன் கண் செருகிக் கிடந்தான். நாளை மத்தியானத்துக்குள் மருந்து வராவிட்டால் அவன் தப்பமாட்டான். அது எனக்கும் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்தது. லொறிச் சாரதி மக்கீன், நாளைக்குக் கட்டாயம் வருவோம் என்று அவளுக்குச் சிங்களத்தில் வாக்குக் கொடுத்தார்.

2. இன்ஸ்பெக்டர்

அன்றிரவே கொழும்புக்குத் திரும்பினோம். கிளைத் தலைவி மிஸிஸ் அருளம்பலத்துக்கு வாய் கொஞ்சம் நீளம். கமிட்டியைக் கூட்டுவோமா என்று கேட்டேன்.

"உமக்கென்ன விசரே? போத்தல் எங்க கிடக்கு, அதைச் சொல்லும்!"

போத்தல் கிடப்பது சாராயம் விற்கும் தவறணையில். கொட்டாஞ்சேனையில் அதற்கா பஞ்சம்! சாராயப் போத்தல்களைச் சாக்குச் சாக்காக அள்ளிவந்து, சாம்பல் போட்டுக் கழுவி, மருந்தை நிரப்பித் தக்கையால் அடைத்தோம். மிக்ஸ்சரில் சிங்கோனாப் பட்டைச் சாறு சேர்த்ததால் நிறமும் சாராயம் மாதிரியே இருந்தது. எவ்வளவு கழுவியும் மணம் போகவில்லை.

காலையில், பாதி வழியில், மதுவரி இன்ஸ்பெக்டர் லொறியை மறித்தார். யாழ்ப்பாணத்துக்காரர், நெற்றி நிறையத் திருநீறு. ஒரு போத்தலைத் திறந்து முகர்ந்தார்.

"தம்பி, என்னைப் பேய்க்காட்டலாமெண்டு நினைச்சீரோ? விடும் லொறியை ஸ்டேசனுக்கு!"

"ஐயா, இது காய்ச்சல் மருந்து. வேணுமெண்டா ஒரு வாய் குடிச்சுப் பாருங்கோ."

"நானோ? தவறணைப் போத்தலிலையோ? சிவ சிவா!"

ஸ்டேசனுக்குப் போனால் பொழுது அங்கேயே போய்விடும். பையனுக்கு மத்தியானம் வரைதான் கெடு.

"அப்ப உங்கட ஆளைக் குடிக்கச் சொல்லுங்கோ, ஐயா."

அவர் பின்னால் நின்ற காவலாள் அதுவரை போத்தல்களையே ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தான். உத்தரவு வந்ததும் வாய் நிறைய ஊற்றிக்கொண்டான். அடுத்த கணம் வேலியோரம் குந்தியிருந்து காறிக் காறித் துப்பினான்.

"ஐயோ ஐயா, நஞ்சு! தனி நஞ்சு!"

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. "மருந்துதான். கெதியாப் போங்கோ" என்று வழிவிட்டார். மக்கீன் சிரித்த சிரிப்பில் லொறி கொஞ்ச தூரம் நேராகப் போகவில்லை.

மத்தியானத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தோம். கரண்டியால் ஊட்டியபோது பையன் முகம் சுளிக்காமல் விழுங்கினான். கொயினாவின் கசப்பைச் சுளிக்காமல் விழுங்குகிற பிள்ளையைப் பார்த்தால் எனக்குப் பயம்; கசப்பே தெரியாத அளவுக்கு நினைவு மங்கிவிட்டது என்று அர்த்தம். போத்தலில் வேளைக்கு ஒரு கோடு போட்டுக் கொடுத்துவிட்டு, மற்ற வீடுகளுக்குப் போனேன்.

இன்று நிவாரண வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். மருந்தை அளந்து ஊற்றியதும் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். அது வீடு வரைக்கும் எப்படிப் போகும் என்று கூடவே நடந்து பாருங்கள்.

வாரக் கடைசியில் மறுபடி போனோம். வாசலிலேயே சத்தம் கேட்டது. சோமாவதி கரண்டியோடு நிற்க, பையன் பாயில் எழுந்திருந்து அதைத் தட்டிவிட்டு, எங்கள் மருந்தையும் எங்களையும் சிங்களத்தில் வைதுகொண்டிருந்தான். மக்கீன் அதைத் தமிழில் சொல்ல வாயெடுத்தார். வேண்டாம் என்றேன். அப்படி ஒரு ஏச்சு வாங்க நான் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.