நாற்பத்திரண்டு கால் வெள்ளிப் பூரான்

திருவள்ளூர் கோயில் பக்கத்துப் பத்தர் கடையில் அன்று இருந்தவர்கள் அம்மா, மாமா, நான். வராதவர்கள் இருவர்: வீங்கிய காலோடு செவ்வாப்பேட்டையில் படுத்திருந்த அப்பா, அவரைக் கடித்த பூரான்.

பூரான் என்று சொன்னது நான்தான். ஏரிக்கரையில் நடந்துவரும்போது சுருக்கென்றது என்று அப்பா வந்து உட்கார்ந்தார். குதிகாலில் பக்கத்துப் பக்கமாய் இரண்டு புள்ளிகள். எங்கள் வம்சத்திலேயே முதல் ஆளாகக் காலேஜுக்குப் போய் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தவன் நான். தேளுக்குக் கொடுக்கு ஒன்றுதான். பூரானுக்கு முன்னங்கால் இரண்டும் நச்சுக் கொக்கிகள். "பூரான்" என்று தீர்ப்புச் சொன்னேன். அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"நீ சும்மா இருய்யா. புள்ள படிச்சிருக்குது" என்று அம்மா அடக்கிவிட்டாள்.

அப்பா மறுபடி செங்கல் சூளைக்கு நடந்து போனால்தான் வீட்டில் உலை கொதிக்கும். கடித்த ஜந்துவை வெள்ளித் தகட்டில் அடித்து அமாவாசையன்று உண்டியலில் போடுவதாக, அம்மா திருவள்ளூர் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டாள்.

கடையில் தேள், பாம்பு, கண், கை எல்லாம் தயாராக இருந்தன. பூரான் இல்லை.

"தேளையே போடுக்கா. பெருமாளு இன்னா, பூதக்கண்ணாடி வச்சிக்கினா பாக்கப்போறாரு?" என்றார் மாமா.

"கடிச்சது ஒண்ணு, மாட்டிவுடறது ஒண்ணா?" என்றாள் அம்மா.

நான் நோட்டில் படம் போட்டுக் கொடுத்தேன். இருபத்தொரு கண்டம், கண்டத்துக்கு ஒரு ஜோடிக் கால். வேண்டுதல் வழக்கப்படி கோயில் குளத்தில் வெல்லம் கரைத்துவிட்டு வந்தால், பத்தர் கண்டத்துக்கு இரண்டு ஜோடி வைத்து முடித்திருந்தார்.

"பார்வையா இருக்கட்டும்னு சேத்துப் போட்டேன் தம்பி."

"இது மரவட்டைங்க. கடிக்கவே கடிக்காது."

அம்மா தகட்டைத் தள்ளி வைத்தாள். கடித்தவன் வெளியே திரிய, ஒரு பாவமும் அறியாத மரவட்டையை உண்டியலில் அடைப்பதா?

"வேற அடிங்க."

"ரெண்டு கூலி ஆவும்மா."

"ஆவட்டும்."

"இனிமே பூரான் பூச்சியே இல்லம்பான் பாரு" என்றார் மாமா.

"இல்லதான் மாமா. பூச்சின்னா ஆறு காலுதான்."

"பத்தரே, சீக்கிரம் அடி! இவன் மறுபடி வாயத் தொறக்கறதுக்குள்ள."

உண்டியலில் போட்டுவிட்டு ரயிலேறி வீடு வந்தோம். அப்பா எழுந்து உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். மதியம் சீழ் உடைந்து வலி விட்டுவிட்டதாம்.

"பெருமாளே! நாம உண்டியல்ல போட்ட நேரம்" என்று அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அப்பா உள்ளங்கையை விரித்துக் காட்டினார். சீழோடு வந்தவை: கருவேல முள்ளின் இரண்டு நுனிகள். அந்த மரத்தில் கணுவுக்கு இரண்டிரண்டாகத்தான் முள் இருக்கும்.

"அன்னிக்கே முள்ளுன்னு சொல்ல வந்தேன். எவன் கேட்டீங்க?"

காலும் கண்டமும் கொக்கியும் நான் சொன்னபடியேதான். தாவரமா விலங்கா என்பதில் மட்டும் சறுக்கிவிட்டது. மாமாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. அம்மா மட்டும் சிரிக்காமல் முந்தானை முடிச்சை அவிழ்த்து மிச்சத்தைப் பார்த்தாள். வெள்ளி, இரண்டு தகட்டுக்குக் கூலி, வெல்லம், மூன்று பேருக்குப் போகவர ரயில் சார்ஜ்: முள்ளுக்குப் போனது ஆறு ரூபாய் பதினோரு அணா.