முன் சக்கரத்துக்கு வைத்த மூட்டை

காலை பதினொன்று பதினேழு. நேரத்தில் சந்தேகமே இல்லை. சேவூரிலிருந்து அண்ணி அழைத்து, "கெளம்பீட்டீங்களா?" என்று கேட்டது கைபேசியில் இன்னும் பதிவாகியிருக்கிறது. "ரெண்டே நிமிசமுங்க அண்ணி" என்றேன்.

மதியம் அங்கே விருந்து. முந்தின நாள் வேகத்தடையில் உரசி, எங்கள் காரின் சைலன்சர் ஒரு பக்கம் தொங்கிப்போயிருந்தது. அறுந்த ரப்பர் வளையத்தை மாற்றினால் போதும், நானே மாற்றுகிறேன் என்றாள் கல்லூரியில் படிக்கும் மகள். பக்கத்து நிட்டிங் கம்பெனியில் மெஷின் மாட்டும் பிட்டர், சக்கரம் வைத்த பெரிய ஜாக்கியைக் கொடுத்தார்.

"முன் சக்கரத்துக்குக் கல்லு வெச்சுட்டுத் தூக்குங்க. ரெண்டு மரக்கட்டை கொண்டாறேன், அதை முட்டுக் குடுத்தப்புறம் உள்ள போலாம்."

கல் தேடப் பொறுமை இல்லை எனக்கு. துடைக்க வைத்திருந்த பனியன் வேஸ்ட் மூட்டைகள் இரண்டை முன் சக்கரங்களுக்கு அடியில் திணித்தேன். வண்டி கியரில் நிற்பதைப் பார்த்ததும் பயம் வந்தது. கியரில் விட்டால் ஸ்டார்ட் செய்யும்போது வண்டி பாயும் என்று டிரைவிங் பள்ளியில் சொன்னது மனதில் இருந்தது. நியூட்ரலுக்கு மாற்றி, கைப்பிரேக்கை இரண்டு முறை இழுத்துவிட்டேன். எங்கள் வண்டியில் கைப்பிரேக் பிடிப்பது பின் சக்கரங்களை மட்டும்தான். அவை இரண்டும் அந்தரத்தில் தொங்கப்போகின்றன என்று எனக்குத் தோன்றவில்லை.

ஜாக்கியை அடித்துப் பின்பக்கத்தைத் தூக்கியதும், மகள் ஸ்டெப்னியை உருட்டிவந்து வண்டிக்கு அடியில் படுக்கவைத்தாள். அதன்மேல் சமையலறை மணைக்கட்டையை வைத்தாள்.

"அதுல உக்காந்துதான் சாப்பிடறோம். கழுவின வாசல் வேற! எடு அதை."

"கட்டை வர்ற வரைக்கும் இருக்கட்டும்மா."

"மணி ஆகுது கண்ணு. வளையந்தான, மாட்டீட்டு வா."

அவள் மல்லாந்து படுத்து, தலையும் தோளும் உள்ளே போகும்வரை நகர்ந்தாள். அப்போதுதான் அண்ணி அழைத்தார். நான் பேசிக்கொண்டே திரும்பினேன். எங்கள் வாசல் தண்ணீர் ஓடுவதற்காகத் தெருப்பக்கம் கொஞ்சம் சரிவு. மூட்டைகள் நசுங்கின. வண்டி ஒரு சாண் முன்னே போனது. ஜாக்கி சாய்ந்தது. பின்பக்கம் தடாலென்று இறங்கியது.

கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

"அம்மா, கத்தாத. எனக்கு ஒண்ணுமில்ல. வண்டி மணை மேலதான் உக்காந்திருக்குது."

நான் கத்திக்கொண்டிருந்தது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

"வெளிய வா சாமி, வந்துரு!"

"சட்டைக் கை மாட்டீருச்சு. இழுத்தா கிழிய மாட்டேங்குது."

எக்ஸ்போர்ட்டில் மிஞ்சிய டி-சர்ட், தொளதொளவென்ற பெரிய சைஸ், நான் கொண்டுவந்து கொடுத்தது. கம்பெனியில் துணியை இழுத்துப் பார்த்து, கிழியாது என்று பாஸ் போடுவதுதான் என் வேலை. வண்டியைத் தொடப் பயமாக இருந்தது. கைப்பையைக் கொட்டி, பிசிறு வெட்டும் சின்னக் கத்தரியை எடுத்தேன். தரையோடு தரையாகப் படுத்து, கையை மட்டும் உள்ளே நீட்டி, அவள் தோளைத் தடவிப் பார்த்து வெட்டினேன். நாலு முறை வெறும் காற்றை வெட்டினேன்.

"என்னைய வெட்டீராதம்மா" என்றாள். சிரித்தாளா அழுதாளா, தெரியவில்லை. குதிகாலை ஊன்றி ஊன்றி வெளியே வந்தாள். முகமெல்லாம் கரி, ஒரு கை இல்லாத டி-சர்ட். அவளைத் தலையிலிருந்து கால்வரை இரண்டு தடவை தடவிப் பார்த்தேன், துணியில் ஓட்டை தேடுவதைப்போல. ஒரு கீறல்கூட இல்லை.

தெருமுனையில் பிட்டர் வந்தார், தோளுக்கு ஒன்றாக இரண்டு மரக்கட்டைகளோடு. சாய்ந்த ஜாக்கியைப் பார்த்ததும் ஓடிவந்தார்.

"ஏனுங்க அக்கா, உள்ள யாருங்க?"

"யாருமில்லீங்ணா, நான் இங்க இருக்கறேன்" என்று மகள் கையைத் தூக்கிக் காட்டினாள்.

அவர் கட்டைகளைக் கீழே போட்டு, அதில் ஒன்றின்மேலேயே உட்கார்ந்துவிட்டார். மூச்சு வந்த பிறகு நசுங்கிய மூட்டையைப் பார்த்தார்.

"அப்பச் செரிங்க. வண்டி எங்கயும் போகாது. மொதல்ல ரெண்டு பேரும் தண்ணி குடிங்க, அதுக்குள்ள நான் கல்லு எடுத்துட்டு வந்தர்றேன்."