ஐந்து லிட்டர் கேன்

குடியிருப்பின் நீச்சல் குளத்தருகே மகளின் கைகளில் மாட்டும் பட்டைகளுக்குக் காற்று ஊதும்போதெல்லாம், வெயிலில் சுட்ட பிளாஸ்டிக் வாசனையோடு, இதே கோவிலம்பாக்கத்தில் நாங்கள் குளித்துக்கொண்டிருந்த வயல் கிணறு வந்துவிடும்: பம்ப்செட்டின் ஓயாத சத்தம், பாசி வழுக்கும் படிகள், பெரியப்பா மகள் விஜியக்கா என் முதுகில் கயிறு போட்டு இறுக்கும் காலி எண்ணெய் கேன்.

அவள் என்னைவிட மூன்று வயதுதான் பெரியவள். தண்ணீரைப் பார்த்தாலே நான் மேல்படியிலேயே உட்கார்ந்துவிடுவேன். "அதான் கேன் கீதுல்ல, இன்னாத்துக்குடி பயப்படுற?" என்பாள். ஆனால் தினமும் எனக்குத் தெரியாமல் அந்தக் கேனுக்குள் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி மூடுவாள். கனம் கூடக்கூட, கேன் என்னை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது என்று நம்பி, நானும் தைரியமாகக் கையை வீசினேன். ஒருநாள் கிணற்றை இரண்டு சுற்று சுற்றிவிட்டு ஏறியதும், அவள் மூடியைத் திறந்து கேனைக் கவிழ்த்தாள். கழுத்துவரை நிறைந்திருந்த தண்ணீர் படியெல்லாம் ஓடியது. அன்று முழுக்க நான் அவளோடு பேசவில்லை; மறுநாள் கேனைத் தேடவும் இல்லை.

அந்தத் திருட்டுத்தனத்தைத்தான் ஒரு வாரமாக மகளிடம் செய்துகொண்டிருந்தேன். தினமும் கொஞ்சம் காற்றைக் குறைத்து ஊதினேன். இன்று இடுப்பளவுத் தண்ணீரில் நின்று நான் கை நீட்டியபோது, அவள் கரையிலேயே நின்று பட்டையை அமுக்கிப் பார்த்தாள்.

"அம்மா, டெய்லி நீ காத்தைக் கம்மி பண்றது எனக்குத் தெரியும்."

நீட்டிய கையைத் தண்ணீருக்குள் இறக்கிக்கொண்டேன்.

"மீதியை நானே எடுத்துடுறேன்" என்று மூடியைப் பிடுங்கினாள். பட்டை சுருங்கி முடிவதற்குள் குதித்துவிட்டாள்.